நெல்லைச் சீமையின் கொக்கும் கரிச்சானும்: மாசி மாதப் படப் பயணம்

முதல் நாள்: நயினார்குளம்

களக்காடு, முண்டந்துறைக் காடு பக்கத்திலேயே இருந்தும் இந்தப் பயணம் அந்தத் திசைக்குப் போகாது. மடையான் (குளத்துக் கொக்கு), உண்ணிக்கொக்கு, கரிச்சான், நாரை, பஞ்சுருட்டான், தும்பி என்று நெல்லையில் தெருவைத் தாண்டினாலே கண்ணில் படுகிறவைதான் இங்கே பாடம். அரிய பறவை ஒன்று எதிரே வந்துவிட்டால் பின்னணி எப்படி இருந்தாலும் எடுத்துவிடுவோம், கிடைத்ததே பெரிது என்று தோன்றும். மடையானிடம் அந்தக் கட்டாயம் கிடையாது. இந்தக் கல் சரியில்லை என்றால் அடுத்த கல்லில் இருப்பதை எடுக்கலாம். இன்று வெளிச்சம் மோசம் என்றால் நாளைக்கும் அது அங்கேயேதான் நிற்கும். வெளிச்சம், பின்னணி, உடல் நிலை மூன்றையும் நாமே தேர்ந்தெடுக்க முடிகிறது. அழகான படத்துக்கு வேண்டிய வசதி இதைவிட வேறில்லை.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (சற்றுச் சின்ன சென்சார்) கேமரா, 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்று, மிக நெருங்கி எடுக்க 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று. முக்காலியைவிடப் பயறுப் பை அதிகம் உதவும். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு அடி நீளம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, ஒன்றரை கிலோ பச்சைப்பயறு போட்டு மறுபக்கமும் தைத்தால் பை தயார். முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு நிரம்பினால்தான் லென்ஸ் அதில் அமிழ்ந்து உட்காரும். வயலில் நனைந்துவிட்டால் அன்றைக்கே பிரித்துப் பயற்றைக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் முளை கட்டி நாறும்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் திருநெல்வேலியில் சூரியன் 6.40 வாக்கில் எழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஊர் என்பதால் அதிகம் சாயாமல் நேராக ஏறும், மணிக்கு 14 பாகை அளவில். அதனால் பொன் வெளிச்சம் நமக்குக் கிடைப்பது எட்டே கால் வரைதான். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகத்தைப் பார்த்து ஒன்பது மணிக்குக் கிளம்பினால் கொக்கின் வயிற்றுக்குக் கீழே கரிய நிழல்தான் மிஞ்சும். ஆறு மணிக்கே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நயினார்குளத்தைத் தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்குள்ள பறவைகளுக்கு மனிதர் பழகிப்போயிருப்பது. மொத்தக் காய்கறி மார்க்கெட்டின் லாரிச் சத்தத்துக்கு நடுவிலேயே அவை மேய்கின்றன. மற்ற இடத்தில் முப்பது மீட்டரில் பறந்துவிடும் மடையான் இங்கே பத்து மீட்டர் வரை விடும். சாலையில் நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும்தான் விழும். கரைச் சரிவில் இறங்கி, கேமரா தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்கு வந்ததும், அதே பறவைக்குப் பின்னணியாகத் தூரத்தில் இருக்கும் மறுகரைப் பச்சை வந்துவிடும். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 400 மி.மீ., எஃப் 5.6-ல் பத்து மீட்டர் தூரத்துக்குக் குவித்தால் கூர்மையாகத் தெரிவது சுமார் 15 செ.மீ. ஆழம்தான். மறுகரை மொத்தமும் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். எஃப் எண்ணைக் கீழே இறக்க விலை உயர்ந்த லென்ஸ் தேடுவதைவிட நாம் கீழே இறங்குவது சுலபம்.

மடையானில் ஒரு சிக்கல் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது பழுப்புக் கோடுகளோடு சேற்று நிறத்தில் இருக்கும். எழும்பிய கணத்தில் இறக்கை, வால் எல்லாம் பளீர் வெள்ளை. உட்கார்ந்த பறவைக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) சரி பார்த்து வைத்திருந்தால் பறக்கும் படத்தில் இறக்கை வெறும் வெள்ளைத் தாளாக வெந்துபோகும். அந்த இறகு விவரத்தைக் கணினியில் மீட்க முடியாது. ஆகவே அது எழும் முன்பே இறக்கைக்கான அளவை மேனுவலில் வைத்துக்கொள்ள வேண்டும். காலை 7.40-க்கு முகத்தில் வெயில் விழும் நிலையில் ஷட்டர் 1/2000 நொடி, எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400 என்று தொடங்கலாம். உட்கார்ந்த பறவை கொஞ்சம் இருட்டாக வரும், பரவாயில்லை. கேமரா திருத்தாமல் தரும் ரா கோப்பில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: சேரன்மகாதேவி, பத்தமடை வயல்கள்

பிசானச் சாகுபடி நெல் அறுவடைக்கு வரும் காலம். கன்னடியன் கால்வாய் பாயும் இந்த வயல்களில் கதிர் அறுக்கும் மெஷின் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்தால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது. மெஷின் கிளப்பிவிடும் வெட்டுக்கிளிக்கும் தவளைக்கும் உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே வரும். தலைக்கு மேல் தகைவிலான்கள் சுற்றும். கரிச்சான் வரப்புக் குச்சியில் உட்கார்ந்து பங்கு கேட்கும்.

வயலில் இறங்கும் முன் கேட்டுவிட வேண்டும். "அண்ணாச்சி, வரப்புல உக்காந்து கொக்கு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்றால் வேண்டாம் என்பவர் அபூர்வம். மெஷின் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் அவர் வாயிலிருந்தே வரும். அந்தத் தகவல் தங்கம். மெஷின் திரும்பும் வயல் மூலையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி, வரப்பின் மறுபக்கம் உட்கார்ந்துவிட்டால் கொக்குகள் நம்மை நோக்கி வரும். நாம் அவற்றைத் துரத்திப் போனால் கிடைப்பது முதுகும் வாலும்தான். அறுக்காத பயிருக்குள் கால் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக் கொக்கும் கருப்புக் கரிச்சானும் ஒரே வயலில் இருப்பதால் எக்ஸ்போஷர் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. கேமராவின் மீட்டர் எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். கரும்பச்சைப் பயிருக்கு முன்னால் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், பயிரைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெந்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை மைனஸ் 2/3 முதல் மைனஸ் 1 ஸ்டாப் வரை இறக்க வேண்டும். அதே கொக்கு வெளிறிய வானத்துக்கு எதிரே பறந்தால் நிலைமை தலைகீழ். பிளஸ் 1 ஏற்றாவிட்டால் கொக்கு சாம்பல் நிறத்தில் வரும். "வெள்ளைப் பறவைக்கு இறக்கு, கருப்புக்கு ஏற்று" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பறவையின் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, படச் சட்டத்தை நிறைத்திருப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். வெந்துபோகும் இடத்தைத் திரையில் மின்னிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து வைத்து, கொக்கின் நெஞ்சில் அந்த மினுக்கம் தெரியத் தொடங்கும் புள்ளியிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் கீழே வந்தால் இறகுக் கோடுகள் நிற்கும்.

கரிச்சானை நிதானமாகப் பார்க்கலாம். பெரும்பாலான படங்களில் அது வாலில் பிளவு விட்ட கருப்பு ஓட்டையாகத்தான் தெரிகிறது. வெயில் நேர் முன்னால் இருந்து விழுந்தாலும் அப்படித்தான், உச்சியில் இருந்தாலும் அப்படித்தான். பக்கவாட்டில், பறவையின் நெஞ்சிலிருந்து 60 முதல் 80 பாகை தள்ளி வெளிச்சம் விழும்போது மட்டும் தோளிலும் நெஞ்சிலும் எஃகு நீலம் ஓடும். தலையை லேசாகத் திருப்பும்போது கண்ணின் கருஞ்சிவப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத படத்தை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அது எப்படியும் அதே குச்சிக்குத் திரும்பி வருவதால் நாம் வரப்பில் ஐந்தடி இடமோ வலமோ நகர்ந்து வெளிச்சக் கோணத்தைச் சரி செய்துகொள்ளலாம். பின்னணி இருட்டாக இருந்தால் ஒன்றும் ஏற்ற வேண்டாம். பச்சைப் பயிராகவோ வானமாகவோ இருந்தால் பிளஸ் 2/3 முதல் பிளஸ் 1.

படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். அறுத்த தாளின் பொன் நிறத்தையும் காலை வெயிலின் மஞ்சளையும் அது குறையாக எண்ணித் திருத்திவிடும். 5200 கெல்வினில் நிறுத்தினால் ஏழு மணிப் படமும் எட்டு மணிப் படமும் அதது நிறத்தில் இருக்கும்.

கடைசி அரைமணி நேரம் வேறொன்று செய்து பார்க்கலாம். ஷட்டரை 1/40-க்கு இறக்கி, எஃப் 16-க்கு மூடி, குறுக்கே பறக்கும் கொக்குடன் லென்ஸைச் சமவேகத்தில் ஓட்டுவது. கொக்கின் தலை மட்டும் ஓரளவு கூர்மையாக நிற்க, இறக்கையும் வயலும் தூரிகைக் கீற்றாக இழுபடும். ஐம்பதில் ஒன்று தேறும். தேறாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பட்டனை அழுத்தியதும் கை நின்றுவிடுகிறது. கோல்ஃப், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அடித்த பிறகும் மட்டையை ஓட விடுவதைப் போல, படம் முடிந்த பிறகும் லென்ஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: கூந்தன்குளம்

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 129 எக்டேர் பரப்பு, இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் பெருமை அறிவிப்புப் பலகையில் இல்லை. நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று ஊரார் வெடி வெடிப்பதில்லை. எச்சம் விழும் முற்றத்தைத் தினம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு அவற்றோடு வாழ்கிறார்கள். வருகிறவர்களும் அந்த மரியாதையோடு நடக்க வேண்டும். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கோணத்தில் லென்ஸை நீட்டாமல், மரத்தடியில் கைதட்டிப் பறவையை எழுப்பாமல் இருந்தாலே பாதி மரியாதை.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே குளக்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். துணியால் துடைத்தால் மறுபடியும் படியும், உள்பக்கம் படிந்தால் துடைக்கவும் முடியாது. கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி அறைக்கு வெளியே வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மாசியில் இங்கே காலைக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். பறவை இறங்குவதும் எழும்புவதும் காற்றை எதிர்த்துத்தான். ஆகவே கிழக்கு ஓரத்தில், சூரியனும் காற்றும் நம் முதுகில் இருக்கும்படி உட்கார்ந்தால், குளத்தில் இறங்கும் ஒவ்வொரு கூழைக்கடாவும் நம் முகத்தைப் பார்த்து, வெயில் முகத்தில் பட, கால்களை முன்னே நீட்டி வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்குக் கரையில் நின்றுகொண்டு, பறவை எல்லாம் முதுகைக் காட்டுகிறதே என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. மாலையில் வெயில் மேற்குக்குப் போய்விடும், காற்று மாறாது. அப்போது முகத்தில் ஒளி விழும் இறக்கத்தை எதிர்பார்க்காமல் நிழலுருவத்துக்கு மாறிக்கொள்வது நல்லது. ஆனி, ஆடி மேல்காற்றுக் காலத்தில் இந்தக் கணக்கு அப்படியே புரண்டு, மாலை நேரம் இறக்கப் படங்களுக்கு வாகாகிவிடும். இறங்கும் கூழைக்கடாவுக்கு 1/1600 போதும். இறக்கை நுனி துளி அசைந்து தெரிந்தால் அது குறையல்ல.

வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்திருக்கிறது என்பதால் கரையில் எல்லா லென்ஸும் அதன் பக்கமே திரும்பியிருக்கும். நடுக்குளத்தில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் புள்ளியாக நிற்பதை எடுத்து, வெட்டிப் பெரிதாக்கி என்ன கிடைக்கும்? பக்கத்துப் புளியமரத்தில் மஞ்சள் மூக்கு நாரை செய்வதைப் பாருங்கள். எட்டரை மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, கூட்டின் மேல் நின்று குஞ்சுகளுக்குச் சூரியன் படாதபடி இரண்டு இறக்கையையும் பாதி விரித்துப் பிடித்துக்கொள்ளும். வெயில் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, சூரியன் நகர நகரத் தானும் நகரும். நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் இறகு வழியே ஊடுருவி, ஒவ்வொரு தண்டும் கோடாகத் தெரியும். வால் பக்கத்து இறகுகளின் இளஞ்சிவப்பு, நேர் வெளிச்சத்தில் பார்த்ததைவிட எதிர் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு ஒளிரும். பிளஸ் 2/3 வைத்து, லென்ஸ் ஹூட் போட்டு, தேவைப்பட்டால் தொப்பியாலும் மறைத்துக்கொண்டு எடுக்கலாம். வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

அந்த நிழல்தான் குஞ்சுக்கு உயிர். கூட்டுக்கு அருகில் நெருங்கித் தாயை எழுப்பிவிட்டால், வெறும் தோலோடு இருக்கும் சின்னக் குஞ்சு உச்சி வெயிலில் தாங்காது, காகமும் காத்திருக்கும். பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாகவே கணக்கு. தெருவில் நின்று எடுக்க முடிகிற கூடுகளே ஏராளம். தாய்ப்பறவை கழுத்தை நீட்டி நம்மையே பார்க்கத் தொடங்கினால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்னால் வர வேண்டும்.

ஒன்பது மணிக்கு மேல் குளத்துக்கு மறுபக்கம் எடுத்த படங்கள் எல்லாம் சோப்பு நுரை வழியே பார்த்த மாதிரி இருந்தால் லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தரையும் தண்ணீரும் வெவ்வேறு சூட்டில் இருப்பதால் நடுவில் உள்ள காற்று அலைபாய்கிறது. ஷட்டரைக் கூட்டினாலும் சரியாகாது, ஐயாயிரம் ரூபாய் ஃபில்டரும் உதவாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. இருபது மீட்டருக்குள் இருக்கும் நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் எடுக்கலாம், இல்லையென்றால் தேநீர் குடிக்கப் போகலாம்.

சூரியன் 6.30-க்கு மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேற்கு வானத்துக்கு எதிராக ஒரு மொட்டைக் கருவேலத்தைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். நிழலுருவத்தில் நிறமும் இறகும் கிடையாது, வெளிக்கோடு ஒன்றுதான். நாரையின் அலகு கழுத்தோடு ஒட்டினால் கட்டியாகத் தெரியும். இரண்டு பறவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எட்டுக்கால் மிருகமாகிவிடும். அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, பறவைக்கும் பறவைக்கும் நடுவே வானம் தெரியும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சூரியனைச் சட்டத்துக்கு வெளியே வைத்து வானத்தில் அளவெடுத்து மைனஸ் 1. போனில் எடுப்பவர்களுக்கும் இது கைகூடும். வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, பிறகு மரத்துக்குத் திரும்பினால் போதும்.

நான்காம் நாள்: காயாமொழித் தேரி ஓரம்

திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேடு. பனையும் உடைமரமும் முந்திரியும்தான். இங்கே பஞ்சுருட்டானுக்கும் பனை உழவாரனுக்கும் வந்தால் போதும்.

செம்மணலுக்கு ஒரு குணம் உண்டு. காலை வெயில் அதில் பட்டுக் கீழிருந்து மேலே சிதறும்போது, தாழ்ந்த கிளையில் இருக்கும் பறவையின் வயிற்றுப்பக்க நிழல் கரிய நிறத்தில் விழாமல் காவி கலந்த இளஞ்சூட்டு நிறத்தில் நிரம்பும். பச்சைப் பறவைக்குக் கீழே அந்தக் காவி, பின்னால் மணல்மேட்டின் சிவப்பு. இந்த நிறச் சேர்க்கை வயலிலோ குளத்திலோ வராது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கம்பியில் இருப்பதை விட்டுவிட்டுத் தாழ்ந்த முள்கிளையைத் தேடுவது இதற்காகத்தான்.

பஞ்சுருட்டான் பிடித்த தேனீயோடு பெரும்பாலும் கிளம்பிய கிளைக்கே திரும்பும். கொண்டுவந்ததை உடனே விழுங்காது. தலைப்பக்கத்தைக் கிளையில் அடித்துக் கொன்று, பின்பக்கத்தைத் தேய்த்துக் கொடுக்கை வெளியேற்றி, பிறகு தூக்கிப் போட்டு நேராக்கி விழுங்கும். தூக்கிப் போடும் அந்த நொடிக்கு 1/2500 வேண்டும். அலகிலிருந்து தேனீ ஓர் அங்குலம் விலகியிருக்கும் படம் எடுக்க, அடித்து முடித்ததும் அது தலையை லேசாகப் பின்னால் சாய்ப்பதைக் கவனித்து, அப்போதே தொடர் வேகத்தை அழுத்த வேண்டும். போனதும் திரும்பும் என்பதால் கவனத்தைப் பறவையின் மேல் ஓட்டாமல் கிளை நுனியில் குவித்துப் பூட்டிவிடலாம். மணல் சரிவில் துளை தெரிந்தால் அது அதன் கூடு. அந்தப் பக்கம் காலடி வைத்தால் சுரங்கம் சரிந்துவிடும்.

மாலையில் ஒரு பனையைச் சுற்றிப் பனை உழவாரன்கள் திரும்பத் திரும்ப வரும். காய்ந்து தொங்கும் ஓலைகளின் அடியில்தான் அவற்றின் தங்கலும் கூடும். 1/3200 வைத்து, பனையின் ஓலை ஓரத்தில் முன்கூட்டியே குவித்துக் காத்திருந்தால் வட்டத்தின் அந்த வளைவில் ஒன்றிரண்டு கிடைக்கும்.

தேரியில் லென்ஸ் மாற்றக் கூடாது. மாற்றியே தீர வேண்டுமென்றால் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு. லென்ஸில் மணல் விழுந்தால் முதலில் ஊதுபந்து, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. துணியை முதலில் எடுத்தால் குவார்ட்ஸ் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

ஐந்தாம் நாள்: குறுக்குத்துறை

தாமிரபரணிப் படித்துறைக் கற்களில் தும்பிகள். குளிப்பவர்கள் இருக்கும் துறையில் கேமராவை எடுக்கவே கூடாது. ஆள் இல்லாத, புல் வளர்ந்த ஓரமாகப் போக வேண்டும். ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் இறக்கை குளிர்ந்து பனித்துளியோடு இருக்கும் தும்பி லேசில் பறக்காது. மேக்ரோவில் உயிரளவுக்கு நெருங்கினால் எஃப் 11-லும் கூர்மை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எஃப் எண்ணை இன்னும் ஏற்றினால் ஒளிச் சிதறலால் படம் முழுவதும் மழுங்கும். சென்சாரும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி கேமராவைச் சாய்ப்பதே சரியான வழி. இறக்கை முழுதும் நரம்பு நரம்பாகத் தெரிய வேண்டுமென்றால் மேலிருந்தோ பக்கவாட்டிலோ நேராக. முகம் வேண்டுமென்றால் கண்ணுக்கு மட்டும் குவித்து மற்றதை விட்டுவிடலாம். காற்றடித்தால் தண்டைப் பிடித்து நிறுத்தாதீர்கள், இரண்டு வீச்சுக்கு இடையில் புல் ஒரு நொடி நிற்கும்.

பதினொரு மணிக்கு ரோஜா நிறத் தும்பி கல் நுனியில் வயிற்றுப்பகுதியைச் சூரியனை நோக்கி நட்டக்குத்தாகத் தூக்கி நிற்கும். உடம்பில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும் உபாயம் அது. மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படாத உச்சி வெயில் இந்தப் படத்துக்கு மட்டும் பொருந்தும், ஏனென்றால் நிற்பதன் காரணமே வெயில்தான். பின்னால் ஓடும் தண்ணீரில் சூரியன் மின்னும் திசையில் திரும்பி எஃப் 4-ல் வைத்தால் மினுக்கம் வட்ட வட்டமாக விரியும். எஃப் 8-க்குப் போனால் பல லென்ஸ்களில் அவை கோணக் கட்டங்களாகிவிடும்.

மாலையில் தேர்வு. கண் கூர்மையா, பின்னணியில் உறுத்தும் வெள்ளைப் புள்ளி உண்டா, பறவை பார்க்கும் பக்கம் இடம் விட்டிருக்கிறோமா என்று மூன்றையும் பார்த்துக் கழித்தாலே பத்தில் ஒன்பது போய்விடும். 12×18 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3600×5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் வெட்டாமல் எடுத்த படமே அதற்கு ஆகும். பாதியாக வெட்டிய படத்தை 8×12-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம். மேட் தாளில் கருப்பு சற்று வெளிறி வந்தாலும் கரிச்சானின் நிழல் விவரம் திரையில் பார்த்ததைவிட இருட்டாக இறங்கும். முதலில் 4×6-இல் ஒரு சோதனை அச்சு போட்டு, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார்த்து, தோளின் நீலம் தெரியவில்லை என்றால் நிழல் பகுதியை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் தூக்கிவிட்டுப் பெரியதைக் கொடுக்கலாம்.